மேலோடை, கீழோடை

அக்டோபர் 3

மேலோடையில் இருபத்து மூன்று. கீழோடையில் இருநூற்றுப் பதினொன்று. காலை எட்டரைக்கு ஆரம்பித்து மதியம் ஒன்று வரை எண்ணினோம். மழை விட்டுவிட்டுப் பெய்தது. அட்டைக்கடி இடது காலில் நான்கு, வலது காலில் இரண்டு.

இதெல்லாம் மேடத்தின் ரிஜிஸ்தரில் ஏறியாயிற்று. இந்த நோட்டு எனக்கு. பத்தாவது பெயிலான பிறகு கவாத்துக் கத்தியைத் தவிர வேறெதையும் அதிகம் பிடிக்காத கை இது. கோமதி மேடம் என்னை உதவிக்குச் சேர்த்துக்கொண்ட இரண்டு வருஷத்தில் எழுதுகிற பழக்கம் ஒட்டிக்கொண்டது. "பாத்தத அன்னைக்கே எழுதிரணும்ண்ணே. மறுநாள் எழுதினா அது பாத்தது இல்ல, நெனச்சது" என்பார். சங்கரன்கோவில்காரர், முப்பத்தொரு வயது. தவளை ஆராய்ச்சிக்கென்று இந்தத் தோணிமட்டம் எஸ்டேட்டுக்கு வந்து, பழைய கிளார்க் குவார்ட்டர்ஸில் தனியாக இருக்கிறார்.

நாங்கள் எண்ணுவது காலாட்டித் தவளை. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. பகலில்தான் நடமாட்டம். ஓடைச் சத்தத்தில் குரல் எடுபடாது என்பதால் ஆண் தவளை பாறைமேல் உட்கார்ந்து பின்னங்காலை நீட்டி நீட்டிக் காட்டும். பெண் அதைப் பார்த்து வரும். இந்த மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லையாம்.

இன்று மேலோடையில் மேடம் சரளையை விரலால் ஒதுக்கி முட்டை பார்த்தார். மூன்று இடத்தில் இருந்தது. மூன்றும் பால் திரிந்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. உயிர் பிடித்திருந்தால் உள்ளே கறுப்பாகத் தெரிய வேண்டும்.

மேடம் சரளையைத் திரும்ப மூடினார்.

அக்டோபர் 5

டீக்கடையில் உட்கார்ந்திருக்கும்போது கேட்டேன், ஏன் மேல மட்டும் வெளுத்துப் போகுது என்று.

மேடம் மேஜையில் சிந்தியிருந்த டீயில் விரலால் ஒரு கோடு இழுத்தார். "இது ஓடை." குறுக்கே இன்னொரு கோடு. "இது ரோடு. வெள்ளைக்காரன் போட்டது. தொண்ணூறு வருஷம் ஆச்சு. அதுக்கு முன்னால மேல கீழன்னு இல்ல, ஒரே கூட்டம்தான். இப்ப ரோட்டுக்கு அடியில ஒரு குழா, ரெண்டு பக்கமும் வெயில் அடிக்கிற தேயிலை. காலாட்டி நெழல விட்டு வெளிய வராது. மேல இருக்கறது மேலயே, கீழ இருக்கறது கீழயே."

"அதனால என்ன மேடம்?"

"கீழ கூட்டம் பெருசு, தாங்கும். மேல இருக்கறது இருபது முப்பதுதான். போன வருஷம் நாம எடுத்த தவளை எச்சில லேப்ல பாத்தாச்சு. அத்தனையும் ஒரே குடும்பம்ண்ணே. அண்ணன், தங்கச்சி, அவங்க பிள்ளைக. அதுக்குள்ளயே சேந்து சேந்து, உள்ள இருக்கற கோளாறெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு ஏறிருச்சு. முட்டை நிக்காது. நின்னாலும் குஞ்சு நிக்காது. வெளிய இருந்து புது ரத்தம் வரணும்."

நான் டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டுக்காரி செசிலிக்கு முட்டிவலித் தைலம் வாங்கணும் என்று நினைத்துக்கொண்டே போனவன், மறந்து வந்துவிட்டேன்.

அக்டோபர் 11

ரோடு இன்ஜினியர் தனசேகர் வந்தார். மலை ரோட்டை இரண்டு மடங்கு அகலப்படுத்தப் போகிறார்கள். மேடம் அவரைக் குழாய் வாய்க்குக் கூட்டிப்போனார். கீழ்ப்பக்கம் குழாயிலிருந்து தண்ணீர் நாலடி கீழே அருவி மாதிரி விழுகிறது. நான் டேப் பிடித்து அளந்தேன்.

"இதுல எப்படி சார் ஒரு தவளை ஏறும்?" என்றார் மேடம். "குழாயை எடுத்துட்டு ஓடைத் தரை அப்படியே இருக்கற மாதிரி அகலமா ஒரு பாலம் போட்டீங்கன்னா போதும். மேலயும் கீழயும் ஒண்ணாயிரும்."

தனசேகர் நல்ல மனுஷன்தான். "மேடம், எனக்குப் பாலம் போடறதுல ஒண்ணும் வருத்தமில்ல. பிப்ரவரில ரோட்டுக்கு அனுமதி குடுக்கற கமிட்டி உக்காருது. குழாய் தடுக்குதுன்னு உங்க ஆய்வுல தெளிவா இருக்கணும். ஒரு வருஷத்துக் கணக்க ஒத்துக்க மாட்டாங்க, ரெண்டு வருஷம் கேப்பாங்க."

"ரெண்டாவது வருஷம் இந்த நவம்பர்ல எடுக்கறோம்" என்றார் மேடம்.

அக்டோபர் 18

மேடம் கோயம்புத்தூர் லேபுக்குப் போயிருக்கிறார், இரண்டு வாரம். எண்ணிக்கை மட்டும் நான் எடுத்து வைக்க வேண்டும். மேலோடை 22. வெளுத்த முட்டை இன்னும் இரண்டு இடத்தில்.

அக்டோபர் 19

கீழோடைக்குப் போய்விட்டு வந்தேன்.

அக்டோபர் 20

ஞாயிறு. பூசைக்குப் போகவில்லை. கீழோடைக்குப் போய்விட்டு வந்தேன்.

செசிலி தூக்குவாளியைக் கழுவும்போது, "என்ன மாமா, உள்ள பாசி வாடை அடிக்குது?" என்றாள். ஓடையில் விழுந்துவிட்டது என்றேன். அவள் இரண்டு தரம் புளி போட்டுத் தேய்த்தாள்.

அக்டோபர் 24

மேலோடை 29. வெயில் நன்றாக இருந்தது. மறைந்திருந்ததெல்லாம் வெளியே வந்திருக்கும்.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். காலையில் பங்குச் சாமியார் வந்து கல்லறைகளை மந்திரித்தார். லைன் வீட்டுக்காரர்கள் எல்லோரும் மெழுகுவத்தி ஏற்றினார்கள். அக்கா கல்லறையில், அதாவது செசிலியின் அம்மா கல்லறையில், நான் புல் செதுக்கினேன். செசிலி வேலியோரம் இருக்கிற இரண்டு சின்னச் சிலுவைக்குப் போனாள். மூத்தவனுக்குப் பதினோரு நாள். இளையவளுக்கு ஏழு மாதம்.

இளையவள் போன பிறகு பொள்ளாச்சியில் டாக்டரம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?" செசிலி கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்: "எங்கம்மாகூடப் பொறந்த தம்பி." டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். அதற்கப்புறம் நாங்கள் பிள்ளை வேண்டுமென்று நினைக்கவில்லை. அதைப் பற்றிப் பேசியதும் இல்லை.

பத்தொன்பது வருஷம் ஆகிறது. காற்று பலமாக இருந்ததால் மெழுகுவத்தி நிற்கவில்லை.

நவம்பர் 9

மேடம் வந்துவிட்டார். இன்றும் நேற்றும் எச்சில் மாதிரி எடுத்தோம். ஒவ்வொரு தவளையையும் மெதுவாகப் பிடித்து, பஞ்சுக் குச்சியால் வாய்க்குள் ஒரு தடவு தடவி, குச்சியைச் சின்னக் குப்பியில் போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். கீழே முப்பது. மேலே பதினைந்து.

மேலோடையில் பெரிய வழுக்குப் பாறைப் பக்கம் மேடம் போகப்போனார். "அங்க வேண்டாம் மேடம், நேத்து மழைல பாறை ஆடுது" என்றேன். "நீங்க கையப் பிடிங்கண்ணே" என்று இறங்கிவிட்டார். அந்தப் பக்கத்தில் மட்டும் ஐந்து பிடித்தார்.

குப்பிகளில் எழுதியது நான். இரண்டு எண் சரியாக விழவில்லை. குளிர்.

நவம்பர் 30

மேலோடையில் சரளைக்கு அடியில் கறுப்பு!

நான் முதலில் நம்பவில்லை. முட்டி போட்டு, முகம் தண்ணீரில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தேன். கடுகுக்குள் கடுகு வைத்த மாதிரி ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரு கறுப்புப் புள்ளி. ஒன்று அசைந்தது. மேடத்தைக் கூப்பிட்டேன். அவரும் முட்டி போட்டார். ஒரு அட்டை அவர் கழுத்தில் ஏறிக்கொண்டிருந்தது, தட்டிவிடக்கூடத் தோன்றவில்லை.

"எப்பிடிண்ணே இது?" என்று கடைசியில் கேட்டார்.

வீட்டுக்கு வந்து செசிலியிடம் சொன்னேன். சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தவள் என்னையே பார்த்தாள். "உங்களை இப்பிடிச் சிரிச்சுப் பாத்து எத்தனை வருஷம் ஆச்சு மாமா" என்றாள்.

டிசம்பர் 21

சாயங்காலம் மேடம் ஓட்டமும் நடையுமாக எங்கள் லைனுக்கு வந்தார். கையில் மடிக்கணினி. செசிலி கிறிஸ்துமஸ் குடில் கட்டுவதற்கு வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தாள், அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, லேப்ல இருந்து வந்திருச்சு. மேல எடுத்த பதினஞ்சுல நாலு, கீழோடைக்காரங்க! சந்தேகமே இல்ல. கீழ பொறந்து மேல வந்ததுக. ஏறியிருக்குண்ணே, அந்தக் குழா வழியா ஏறியிருக்கு!"

அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அது இறங்கியது.

"அப்ப நான் போன வருஷம் சொன்னது தப்பு" என்றார். "குழா தடுக்குதுன்னு சொன்னேன். தடுக்கலையே."

நான் கீழே சிதறிய வைக்கோலை ஒதுக்கினேன்.

"அண்ணே, குப்பி ஏதும் மாறிப் போயிருக்குமோ? கீழ எடுத்தத மேலன்னு எழுதிட்டோமோ?"

"மாறலை மேடம்." அது உண்மைதான்.

"யாரும் பிடிச்சுக் கொண்டாந்து விட்டிருக்கவா போறாங்க?" என்று அவரே சிரித்துக்கொண்டார்.

"யாரு செய்வா மேடம்" என்றேன்.

"அதானே. ஆகஸ்ட்ல வெள்ளம் வந்துச்சுல்ல, கீழ குட்டை குழாய் வாய் வரைக்கும் நெறஞ்சிருக்கும். அப்ப ஏறிருக்கணும்." மடிக்கணினியை மூடினார். "எப்பிடியோ, எழுதத்தான் வேணும்."

செசிலி காபி கொண்டுவந்தாள். டம்ளரை என்னிடம் கொடுக்கும்போது என் கண்ணைப் பார்த்தாள். நான் குடிலைப் பார்த்தேன்.

டிசம்பர் 25

பூசை. கறி. பக்கத்து வீட்டிலிருந்து பலகாரம் வந்தது. எழுத ஒன்றுமில்லை.

ஜனவரி 8

மேடம் அறிக்கையை முடித்துவிட்டார். கமிட்டிக்காகத் தமிழில் ஒரு பக்கச் சுருக்கம் இருக்கிறது. பிழை பார்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார். "தற்போதுள்ள குழாய்ப் பாலம் இத்தவளைகளின் போக்குவரத்தை முற்றிலுமாகத் தடுக்கவில்லை என்று இரண்டாம் ஆண்டு ஆய்வு காட்டுகிறது."

அந்த வரியை நான்கு தரம் படித்தேன்.

"இதைப் போட்டா பாலம் தருவாங்களா மேடம்?"

"கஷ்டம்ண்ணே." அவர் கண்ணைக் கசக்கினார். மூன்று நாளாகத் தூங்கவில்லை என்று தெரிந்தது. "ஒரு நாள் பூரா யோசிச்சேன், இந்த நாலையும் எழுதாம விட்டுட்டா என்னன்னு. யாருக்கும் தெரியப் போறதில்ல. ஆனா எனக்குப் பிடிக்கலங்கறதுக்காகப் பாத்தத மறைச்சா, நாளைக்கு நான் சொல்ற எதையும் நானே நம்ப முடியாது."

'போக்குவரத்து' என்பதில் ஒற்று விடுபட்டிருந்தது. திருத்திக் கொடுத்தேன்.

ஜனவரி 12

பூசை முடிந்து வரும் வழியில், நாலாம் நம்பர் தேயிலைக்காட்டுக்குப் பக்கத்தில், செசிலி நின்றுவிட்டாள்.

"எத்தனை கொண்டுபோனீங்க மாமா?"

"என்ன எத்தனை?"

"தூக்குவாளிய நாந்தான கழுவினேன்."

எஸ்டேட் லாரி ஒன்று போனது. அது போகும்வரை இரண்டு பேரும் ஓரமாக நின்றோம்.

"ஏழு" என்றேன்.

"தவளைக்கு வெளிய சம்பந்தம் பண்ணிட்டு வந்துட்டீங்க." அவள் குரலில் கேலி இருந்தது, ஆனால் கண் நிறைந்திருந்தது. "நம்மளத்தான் உள்ளுக்குள்ளயே முடிச்சு வச்சாங்க."

"செசிலி."

"நான் உங்களக் குத்தம் சொல்லல. அப்ப எனக்குப் பத்தொம்பது வயசு. மாமனக் கட்டிக்கன்னாங்க, சந்தோஷமாத்தான் கட்டிக்கிட்டேன். இன்னைக்கும் அதுல எனக்கு வருத்தம் இல்ல. ஆனா அந்தப் புள்ள உங்கள நம்பி எழுதியிருக்கு. போய்ச் சொல்லிடுங்க."

சொல்கிறேன் என்றேன். மேடத்தின் குவார்ட்டர்ஸ் வரை போனேன். உள்ளே யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். திரும்பிவிட்டேன்.

ஜனவரி 19

போகவில்லை.

ஜனவரி 26

கொடியேற்றம். மிட்டாய் கொடுத்தார்கள். மேடத்திடம் இன்றும் போகவில்லை. வனச் சட்டத்தில் இந்தத் தவளையைத் தொட்டாலே குற்றம் என்று மேடம் முதல் நாளே சொல்லியிருக்கிறார். அவருக்கு மட்டும்தான் அனுமதிக் கடிதம். நான் ஜெயிலுக்குப் போனால் செசிலி தனி. இதுதான் காரணம் என்று எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 6

பொள்ளாச்சியில் கமிட்டி. மேடம் என்னையும் கூட்டிப் போனார். பெரிய ஹால், நீள மேஜை, எல்லோருக்கும் தண்ணீர் பாட்டில். நான் சுவரோரம் நாற்காலியில்.

மேடம் நன்றாகப் பேசினார். மேலே கூட்டம் சின்னது, ஒரு வெள்ளத்தை நம்பி இருக்க முடியாது, பாலம் வேண்டும் என்று கேட்டார். தனசேகர் எழுந்தார். அவர் குரலில் பகையே இல்லை. "மேடம் அறிக்கைய நான் முழுசாப் படிச்சேன். பழைய, நாலடி உயரத்துல தொங்கற குழாய்லயே பதினஞ்சுக்கு நாலு ஏறியிருக்குன்னு அவங்களே எழுதியிருக்காங்க. புதுசாப் போடற குழாய் இன்னும் கொஞ்சம் தாழ்வா இருக்கும். அப்ப பாலத்துக்கு அவசியம் என்னங்கறதுதான் கேள்வி."

தலைவர் மேடத்தைப் பார்த்தார். "நீங்க எழுதினதுதானே?"

"ஆமா சார்."

"அப்ப சரி."

அவ்வளவுதான். பாலம் இல்லை. இருபத்திரண்டு மீட்டர் நீளத்துக்குப் புதுக் குழாய். தலைவர் அடுத்த காகிதத்தை எடுத்தார், ஏதோ மரம் வெட்டுகிற விஷயம்.

என் நாற்காலியிலிருந்து அந்த மேஜைக்குப் பத்தடி இருக்கும். நான் எழுந்திருக்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மேடம் ஜன்னலோரம் உட்கார்ந்து, முப்பதாவது கொண்டை ஊசி வளைவு வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது மட்டும், "சாப்பிட்டீங்களாண்ணே?" என்று கேட்டார்.

பிப்ரவரி 9

சொல்லிவிட்டேன்.

மேடம் வாசலில் உட்கார்ந்து பூட்ஸில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன். அக்டோபர் பத்தொன்பதும் இருபதும். தூக்குவாளியில் ஈரப்பாசி போட்டு. முதல் நாள் மூன்று, இரண்டாம் நாள் நான்கு. ஆண் மூன்று, பெண் நான்கு. வழுக்குப் பாறைக்குக் கீழே விட்டேன்.

அவர் சுரண்டுவதை நிறுத்தவில்லை. ஒரு பூட்ஸ் முழுவதையும் சுத்தம் செய்து முடித்தார்.

"ஏண்ணே?"

"வெளுத்த முட்டையப் பாக்க முடியல மேடம்."

மற்றதைச் சொல்லவில்லை. அது அவருக்கு எதற்கு.

"நான் உங்ககிட்ட கேட்டேன்லா" என்றார். அவர் குரல் உயரவே இல்லை. "யாரும் கொண்டாந்து விட்டாங்களான்னு. இந்த மலையில வேற யார்கிட்டயும் நான் கேக்கல. கேக்க எனக்கு வேற யாரும் இல்ல."

"ஆமா மேடம்."

"அன்னைக்குச் சொல்லியிருந்தா நாலையும் எடுத்துட்டு மத்தத வச்சு எழுதியிருப்பேன். பாலம் வந்திருக்கும். உங்க ஏழு இல்ல, வருஷா வருஷம் எழுநூறு அதுவாவே ஏறியிருக்கும்."

இன்னொரு பூட்ஸைக் கையில் எடுத்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு அதை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் மிச்சச் சேற்றைச் சுரண்டி, கழுவி, படியில் வைத்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 13

மேடம் கமிட்டிக்குத் திருத்தக் கடிதம் அனுப்பிவிட்டார். நகலை என்னிடம் காட்டினார். என் பெயர் இல்லை. "என் மேற்பார்வையில் நடந்த தவறால், கீழோடைத் தவளைகள் சில மேலோடைக்கு வந்துள்ளன" என்று இருக்கிறது. பேச வாயெடுத்தேன். "உங்களுக்காக இல்ல, செசிலி அக்காவுக்காக" என்றார்.

பிப்ரவரி 27

பதில் வந்தது. முதல் ஆண்டு முடிவும் இரண்டாம் ஆண்டு முடிவும் முரண்படுவதாலும், ஆய்வாளரே தவறை ஒப்புக்கொள்வதாலும், இந்த ஆய்வு முழுவதையும் எதற்கும் ஆதாரமாக எடுக்க இயலாது. ஏற்கெனவே எடுத்த முடிவில் மாற்றமில்லை.

இரண்டு வருஷ வேலை. மூன்று வரியில் முடிந்துவிட்டது. மேடத்தின் பேராசிரியர் போனில் கத்தியது வாசல் வரை கேட்டது.

மார்ச் 15

மேடம் ஊருக்குப் போய்விட்டார். பெட்டிகளை நான்தான் பஸ்ஸில் ஏற்றினேன். "வரேண்ணே" என்றார். செசிலி ஒரு பாட்டில் மிளகு கொடுத்தாள், வாங்கிக்கொண்டார்.

ஏப்ரல் 21

ரோடு வேலை தொடங்கிவிட்டது. எஸ்டேட்டில் இப்போது ஆள் எடுப்பதில்லை. காண்ட்ராக்டரிடம் வண்டி நிறுத்தும் வேலை கேட்டேன், கொடுத்தார். பச்சைக் கொடி, சிவப்புக் கொடி, ஒரு ஆரஞ்சுச் சட்டை. காலை ஏழு முதல் ஐந்து வரை. செசிலி சட்டையை வாங்கி ஆணியில் மாட்டினாள்.

மே 14

கோடையில் மேலோடை வற்றி, ரோட்டை ஒட்டிய குட்டையில் மட்டும் தண்ணீர் நிற்கிறது. இருக்கிற காலாட்டியெல்லாம் அதற்குள்தான். சாப்பாட்டு நேரத்தில் எட்டிப் பார்த்தேன். முப்பத்தெட்டு எண்ணினேன். அதில் நகக்கண் அளவுக்குச் சின்னது பதினைந்துக்கு மேல். இந்த வருஷத்துக் குஞ்சுகள்.

மே 16

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மதியம் பன்னிரண்டரைக்குப் பொக்லைன் குட்டைக்கு மேலே வந்து நின்றது. டிரைவர் தர்மபுரிக்காரர், மாதையன் என்று பெயர். வெட்டிய மண்ணை எங்கே தள்ளுவது என்று கேட்டதற்கு, சூப்பர்வைசர் குட்டையைக் கைகாட்டிவிட்டுப் போனாராம்.

நான் ஓடிப்போய்ச் சொன்னேன், அதில் தவளை இருக்கிறது, அரை மணி நேரம் கொடுங்கள் என்று. மாதையன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "தவளையாண்ணா?" பிறகு இறங்கிவந்து அவரே எட்டிப் பார்த்தார். ஒன்று பாறை மேல் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டிருந்தது. "சரி, நான் சோறு தின்னுக்கறேன். அதுக்குள்ள எடுத்துக்கங்க" என்றார்.

தூக்குவாளி கையில் இருந்தது. சோற்றைக் கொட்டிவிட்டுக் கரை வரை இறங்கினேன். கை தண்ணீருக்குள் போகவில்லை. போன தடவை யாரையும் கேட்காமல் கையை விட்டதுதான் எல்லாவற்றையும் இங்கே கொண்டுவந்து நிறுத்தியது. இரண்டு மாதத்தில் முதல் தடவையாக மேடத்துக்குப் போன் போட்டேன்.

"மேடம், நான் சூசை. குட்டைய மூடப் போறாங்க. எடுக்கட்டுமா?"

அந்தப் பக்கம் பள்ளிக்கூட மணி கேட்டது.

"தொடாதீங்கண்ணே. இப்ப எங்கிட்டயும் அனுமதி இல்ல. பிடிச்சா உங்கள உள்ள வச்சிருவாங்க. ரேஞ்சர்கிட்ட பேசறேன். நான் சொல்ற வரைக்கும் தொடாதீங்க."

சரி என்றேன்.

மாதையன் சோற்றை மெதுவாகத் தின்றார். கையை மெதுவாகக் கழுவினார். பீடி ஒன்று, அதன்பின் இன்னொன்று. ஒன்றே முக்கால் மணிக்குச் சூப்பர்வைசர் பைக்கில் வந்து, ஏன் வண்டி நிற்கிறது என்று சத்தம் போட்டார். மாதையன் என்னைப் பார்த்தார். நான் போனைப் பார்த்தேன். "வனத்துறைல கேட்டிருக்கு சார், கொஞ்சம்..." என்றேன். "உன் வேலை கொடி பிடிக்கறது. பஸ் நிக்குது பாரு" என்றார்.

பஸ் நின்றுகொண்டிருந்தது. போய்க் கொடியைக் காட்டினேன். முதுகுக்குப் பின்னால் மண் விழுகிற சத்தம் கேட்டது. பஸ் போனபிறகு திரும்பிப் பார்த்தேன்.

மூன்று பத்துக்குப் போன் வந்தது. மேடத்துக்கு மூச்சு வாங்கியது. "அண்ணே, ரேஞ்சர் சரின்னுட்டாரு. நாளைக்குக் காலைல ஃபாரஸ்ட் கார்டு வருவாரு, நானும் கிளம்பறேன். எத்தனை இருக்கு?"

"இல்ல மேடம்" என்றேன். "மூடியாச்சு. ரெண்டு மணிக்கே மூடிட்டாங்க. நான் தொடல."

அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. மறுபடி பொக்லைன் சத்தம் வந்தபோதுதான் லைன் அறுந்தது.

மே 17

இருந்தாலும் மேடம் வந்தார். ராத்திரி பஸ் பிடித்து, காலை எட்டு மணிக்கு இறங்கினார். மெலிந்திருந்தார். கார்டு அனுமதிக் கடிதம் கொண்டுவந்தார். நான் கொடி வேலைக்கு ஒரு நாள் லீவு சொன்னேன்.

மண் மேட்டுக்கு மேலே ஏறி, ஓடை வற்றிய தடத்தில் கல் கல்லாகப் புரட்டினோம். மதியம் வரை தேடியதில் ஐந்து கிடைத்தது. இரண்டு பெரியது, மூன்று குஞ்சு.

"இதுகள மட்டும் இங்க விட்டு வைக்க முடியாது. கீழ கொண்டுபோயிருவோம்" என்றார் மேடம். கார்டு எழுதிக்கொண்டார். மேடம் டப்பாவை என் கையில் கொடுத்தார். ரோட்டைத் தாண்டும்போது மாதையன் வண்டியை நிறுத்தி வழி விட்டார். கீழோடையில் நிழலான இடம் பார்த்து மூடியைத் திறந்தேன். ஒவ்வொன்றாகக் குதித்துக் கல்லுக்கடியில் போனது. கடைசிக் குஞ்சு வெகுநேரம் டப்பாவிலேயே இருந்தது. மேடம் அவசரப்படுத்தவில்லை.

பிறகு கரையில் உட்கார்ந்தோம். தென்காசிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருப்பதாகச் சொன்னார். ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல், லீவிலும் கோடை வகுப்பு.

"நீங்க செஞ்சது தப்புண்ணே. அத நான் மன்னிச்சுட்டேன்னு சொல்ல வரல."

"தெரியும் மேடம்."

"ஆனா அன்னைக்கு அந்தக் கறுப்ப நானும் பாத்தேன்." அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏழே ஏழு மேல போச்சு. ஒரே பருவத்துல முட்டை நின்னுச்சு, குஞ்சு நின்னுச்சு. ரெண்டு வருஷமா நான் நிரூபிக்க அலைஞ்சது அதத்தான். கண்ணால பாத்தும் அத நான் எங்கயும் எழுத முடியாது. எழுதினாலும் இனி ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."

மூன்று மணி பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விட்டேன். இந்த முறை மேடம் 'வரேண்ணே' என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் செசிலி கேட்டாள். எல்லாம் சொன்னேன். அவள் கொழுந்துப் பையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருட்டும் வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தோம். விளக்கைப் போட எழுந்தவள், "சோறு வைக்கட்டுமா மாமா?" என்றாள். வை என்றேன்.

நாளைக்கு ஏழு மணிக்குக் கொடி.